மழலையும் அரிச்சுவடியும்: வாசகர் கேள்வி–பதில்

குழந்தைகளின் பேச்சும் எழுத்தும் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பதில் எழுதுபவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): என் பேத்திக்கு ஏழு மாதம் ஆகிறது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் என் மகள் அவளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் புரியாத குழந்தையிடம் இவ்வளவு பேசுவதால் என்ன பயன்?

பதில்: பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை என்று அத்தனை உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அம்மா. வயிற்றில் இருக்கும்போதே காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள் ஆவதற்குள் குழந்தை தன் தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்பது 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. சூப்பானைச் சப்பும் விதத்தைப் பொறுத்துத் தாயின் குரல் ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பச்சிளங்குழந்தைகள் அதைக் கண்டுகொண்டு, தாயின் குரல் கேட்கும் வகையிலேயே சப்பின.

ஏழாம் மாதம் இன்னும் சுவையானது. 'பாடம்', 'பாதம்' என்னும் இரு சொற்களை நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களுக்கோ ட, த ஆகிய இரண்டின் வேறுபாடு எளிதில் காதில் விழாது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியிலுள்ள இத்தகைய ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்தனர்; ஆனால் ஓராண்டு நிறைவதற்குள் அந்தத் திறன் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எல்லா மொழிகளுக்கும் திறந்திருந்த காது, சுற்றிலும் பேசப்படும் மொழிக்கு ஏற்றபடி தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. தங்கள் பேத்தியின் காது தமிழ்க் காதாக மாறிவருவது இந்த மாதங்களில்தான்.

அது மட்டுமன்று. எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம், பேசும்போது விடுவதில்லை. 'பாப்பாபால்குடிக்கிறியா' என்று ஒரே ஓட்டமாக வருவதில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குழந்தைதான் கண்டுபிடிக்க வேண்டும். 'பா'வை அடுத்து 'ப்பா' அடிக்கடி வருகிறது. 'ப்பா'வை அடுத்தோ 'பால்' வரலாம், 'சோறு' வரலாம், 'தூங்கு' வரலாம். எது எதனுடன் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று எட்டு மாதக் குழந்தைகள் கணக்கு வைக்கின்றன என்பதை, பொருளற்ற அசைகளை இடைவெளியின்றி இரண்டே நிமிடம் கேட்கச் செய்து 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். உணவையும் உடலுறுப்பையும் குறிக்கும் சில சொற்களை ஆறு முதல் ஒன்பது மாதத்திலேயே குழந்தைகள் அறியத் தொடங்குகிறார்கள் என்று 2012-இல் வந்த ஆய்வு கூறுகிறது. 'கண்ணு எங்கே? மூக்கு எங்கே?' என்று குரலை உயர்த்தி, இழுத்து, திரும்பத் திரும்பத் தங்கள் மகள் கேட்கிறாரே, அந்த இழுவையும் திரும்பக் கூறலும்தான் குழந்தைக்குச் சொல்லைப் பிரித்துத் தருகின்றன. அவரைப் பேச விடுங்கள், தாங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பரமக்குடி வாசகர்): பேச்சு சீக்கிரம் வருவதற்கு நாக்கில் வசம்பு தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். 'பிள்ளை வளர்ப்பான்' என்று அதற்குப் பெயர் இருந்தாலும், வசம்பு பேச்சைக் கொண்டுவரும் என்பதற்குச் சான்று இல்லை. கைக்குழந்தைக்குக் கொடுப்பது தீங்காகவும் முடியலாம்.

கேள்வி (திருப்பூர் வாசகி): என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். கைப்பேசியில் வரும் ஆங்கிலப் பாட்டுகளைக் கூடவே முணுமுணுக்கிறான். ஏ முதல் இசட் வரை சொல்கிறான். ஆனால் 'அம்மா, தண்ணி' என்று கேட்பதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார் மாமியார்.

பதில்: மாமியாரின் ஆறுதலை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். ஓராண்டு நிறைவை ஒட்டி முதற்சொல், இரண்டு வயதுக்குள் 'அப்பா வா', 'பால் வேணும்' போன்ற இரு சொல் பேச்சு என்பது பொதுவான போக்கு. ஆண் குழந்தைகள் சற்றுப் பின்தங்குவது உண்டு என்றாலும், இரண்டு வயது கடந்தும் இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தையை ஆணாயினும் பெண்ணாயினும் பரிசோதிக்கவே வேண்டும். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்; பாட்டு முணுமுணுக்கிறானே என்று அதைத் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தையும் பாட்டின் இசையைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை பிறரோடு எப்படிப் பழகுகிறான் என்பதையும் மருத்துவர் பார்ப்பார். மாவட்டத் தலைமையிடங்களிலுள்ள அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, கட்டணம் இல்லை. இதைத் தங்கள் வளர்ப்பின் குற்றம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் உண்டு. அமெரிக்காவில் பெட்ரீசியா குல்லும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். நேரில் ஒருவர் அமர்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றன; அதே நபர் அதே பேச்சைத் திரையில் பேசியபோது மற்றக் குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. திரை கேள்வி கேட்கலாம். குழந்தை சொன்ன பதிலுக்கு முகம் மலர அதற்குத் தெரியாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைவு நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. இனி மகன் கையைப் பிடித்து இழுக்கும்போது, தம்ளரை எடுத்துக் கொடுப்பதற்கு முன், அவன் முகத்துக்கு நேரே குனிந்து 'தண்ணி வேணுமா? தண்ணி' என்று சொல்லி ஒரு கணம் காத்திருங்கள். உடனே வராது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

கேள்வி (விழுப்புரம் வாசகி): யு.கே.ஜி. படிக்கும் என் மகள் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கிறாள். ஆனால் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. 'கெண்டை' என்று எழுதச் சொன்னால் கொம்பைக் 'க'வுக்குப் பின்னால் போடுகிறாள். என்ன செய்வது?

பதில்: அவள் கற்றிருப்பது ஒரு பாட்டு, எழுத்தை இனிமேல்தான் கற்க வேண்டும். நம் நெடுங்கணக்கின் வரிசை அழகானது என்பதில் ஐயமில்லை. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று தொண்டைப் பக்கம் தொடங்கி உதடு வரை ஒலிகள் வந்துசேர்கின்றன. இலக்கணம் படிப்பவருக்கு அது விருந்து. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ, இரண்டாவதாக வரும் 'ங' தன் வாயில் ஒரு சொல்லாகவும் வந்து சேராத விநோதப் பொருள். நான் வகுப்பில் ட, ப, ம என்று தொடங்குவேன். மூன்றும் சில கோடுகளில் முடிபவை. அவற்றோடு புள்ளியையும் சேர்த்துக் கொடுத்தால் அன்றைக்கே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடலாம். 'பட்டம்' என்று தானே வாசித்த பிள்ளை மாடிக்கு ஓடிப் பட்டம் தேடும். 'ஙௌ' என்று ஒப்பித்த பிள்ளை எதைத் தேடும்?

247 என்ற எண் பெற்றோரைத்தான் அச்சுறுத்துகிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. மற்ற 216-உம் இவற்றின் கூட்டு. கால், கொம்பு, விசிறி முதலிய குறிகள் பிடிபட்டுவிட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். தகராறு செய்வது உகர, ஊகார வரிசைதான்: கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அதற்கு மட்டும் மெதுவாக நேரம் கொடுங்கள். (மாமியாரோ பாட்டியோ பழைய துதிக்கை 'லை' எழுதுபவராக இருந்தால் குழந்தை குழம்பக்கூடும், 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தம் அந்த வகைச் சிறப்பு வடிவங்களை விலக்கிப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது.) கன்னடம் வாசிக்கக் கற்கும் பெங்களூருக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறையை முழுமையாகப் பற்றிக்கொள்ள இரண்டு மூன்று வகுப்புகள் தாண்ட வேண்டியிருக்கிறது என்று 2007-இல் எழுதினார். வர்க்க எழுத்துகள் (ஒரு 'க'வுக்கே நான்கு எழுத்து வைப்பது போன்றவை) இல்லாத தமிழில் பளு சற்றுக் குறைவு, ஆயினும் யு.கே.ஜி.யிலேயே எல்லாம் முடிய வேண்டும் என்பது பள்ளிகளின் அவசரம். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தமிழக அரசே எட்டு வயதைத்தான் இலக்காக வைத்தது.

கொம்பைப் பின்னால் போடுவது நல்ல பிழை. 'கெ' என்பதில் காது முதலில் கேட்பது 'க்', பிறகுதான் 'எ'. தங்கள் மகள் கேட்ட வரிசையில் எழுதுகிறாள். நம் எழுத்துத்தான் கொம்பை முன்னே நிறுத்துகிறது. அவளிடம் 'வாயில் பின்னால் வருகிறது, தாளில் முன்னால் நிற்கிறது' என்று சொல்லி, கெ, தெ, பெ, செ என்று அடுத்தடுத்துக் காட்டினால் சில நாட்களில் பழகிவிடும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வீட்டில் 'பூன வீட்டுல இருக்கு' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'பூனை வீட்டில் இருக்கிறது' என்று காண்கிறது. எழுத்துகளை அறிந்திருந்தும், அவை சேர்ந்து தரும் சொல் தான் கேட்ட சொல்லாக இல்லாததால் அது தயங்கி நிற்கிறது. மற்றொரு பக்கம், கல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களில் 'க' மூன்று விதமாக ஒலிப்பதை யாரும் விதி சொல்லிக் கற்பிப்பதில்லை. பேச்சில் அச்சொற்கள் இருப்பதால் குழந்தை சரியாகவே வாசிக்கிறது. ஆகவே காதுக்குப் பழகாத சொல் கண்ணுக்கும் கடினம். இரவில் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை, அதிலுள்ள எழுத்துத் தமிழிலேயே, விரலால் வரியைத் தொட்டபடி உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு அதே கதையைப் பேச்சுத் தமிழில் அவளைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): விஜயதசமியன்று மூன்று வயது மகளுக்கு ஏடு தொடக்கினோம். இனி நாள்தோறும் கொப்பியில் எழுதப் பழக்கலாமா?

பதில்: அரிசியில் 'அ' எழுதியது நல்ல சடங்கு, அதைத் தினசரிப் பாடமாக்க வேண்டாம். மூன்று வயதில் விரல்களின் சிறு தசைகள் பென்சிலைப் பிடிக்கும் அளவுக்கு உரம் பெறுவதில்லை. மா பிசைதல், பயறு பொறுக்குதல், மணி கோத்தல் ஆகியவை இப்போதைக்கு எழுத்துப் பயிற்சிதான். எழுத ஆசைப்பட்டால், திண்ணைப் பள்ளிக் காலத்தில் செய்ததைப் போல, ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் பெரிதாக எழுத விடுங்கள். 'அ'வை வலம் இடமாகத் திருப்பிப் போட்டாலும் திட்டாதீர்கள். ஆறேழு வயது வரை அது வழக்கமே. தட்டைக் குலுக்கினால் மணல் மறுபடி சமமாகிவிடும்.