பல்கலைக்கழக வளாகங்கள் சுற்றுச்சூழலைக் காக்க எங்கே தொடங்கலாம்?
யாழ்ப்பாணத்தில் என்றால், மழைநீர் மீள்நிரப்பில். கூரையில் விழும் மழையைப் பீலி வழியே வடிகட்டி நிலத்துக்குள் இறக்குவதுதான் அது.

இங்கே வற்றாத ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழையே பெரிய வரவு. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தேங்கும் அந்த நன்னீர், குழம்பின்மேல் எண்ணெய் நிற்பதுபோல, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். கிணற்று வாளியில் உப்புக் கரிக்கும்.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரை மண்டபம், நூலகம், விடுதி என்று எத்தனை கூரைகள்! முதல் மழையின் தூசியைக் கழித்துவிட்டு, மணலும் சரளையும் இட்ட குழிக்குள் விடலாம்.

மரம் நட்டாலே வளாகம் பசுமையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோடையில் அந்தக் கன்றுகளுக்கு ஊற்றுவதும் இதே கிணற்று நீர்தான்.