எஸ் பாஸ் ரிஜெக்ட் ஆனபின் மறுபடி போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். வயது 27. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, தஞ்சாவூரில் அரிசி ஆலை எந்திரம் செய்யும் பட்டறையில் 3 வருடம் வேலை பார்த்தேன். சிங்கப்பூர் எஸ் பாஸுக்காக (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) ஒரு ஏஜென்டிடம் போன தை மாதம் 2,75,000 ரூபாய் கொடுத்தோம். அதில் 1,50,000 அவர் மச்சான் கணக்குக்கு அனுப்பியது. மீதி, அம்மா நகையை அடகு வைத்து ரொக்கமாகக் கொடுத்தது. இரண்டு முறை ரிஜெக்ட் ஆகிவிட்டது என்கிறார். இப்போது, "வேறு கம்பெனி ரெடி. அனுபவம் 6 வருடம் என்று சான்றிதழ் போட்டுக்கலாம். பேப்பரில் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், கையில் 1,800. இன்னும் ஒரு லட்சம் கொடு" என்கிறார். பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சான்றிதழ்களும் அவரிடமே இருக்கின்றன. "பணம் திருப்பித் தரப்படாது" என்ற தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். ரிஜெக்ட் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் என் காகிதங்களின் நகலையும் இணைத்திருக்கிறேன். ரொக்கம் கொடுத்த அன்று சித்தப்பா கூட வந்தார். "பணம் வந்துச்சு தம்பி" என்று ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. கேட்ட ஒரு லட்சத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டோம். மறுபடி விண்ணப்பிக்கலாமா வக்கீல் சார்? ரிஜெக்ட் ஆனது கறையாக நிற்குமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தம்பி, ரிஜெக்ட் ஆனது கறை இல்லை. தாராளமாக மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த ஏஜென்ட் சொல்கிற வழியில் போட்டால், இதுவரை உங்கள் பெயரில் இல்லாத கறை அன்றைக்குத்தான் விழும். அதனால் அந்த ஒரு லட்சத்தை ஏற்பாடு செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய "ரிஜெக்ட்" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட். மேல்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. விண்ணப்ப எண் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, தேதி இல்லை. நடுவில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. இரண்டாவது ரிஜெக்ட் என்று அனுப்பியதும் அதே படம்தான். ஓரத்தில் இருக்கும் விரல் நிழல்கூட மாறவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஏன் ரிஜெக்ட் ஆனது" என்பதல்ல. "விண்ணப்பம் போட்டார்களா" என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள யார் தயவும் வேண்டாம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில், பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு விண்ணப்ப நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் ஜெராக்ஸ் வீட்டில் இருக்குமே, அது போதும். வருவதை முழுத் திரையாக, தேதி தெரிய படம் எடுத்து வையுங்கள். அப்புறம் ஏஜென்டிடம் இரண்டே இரண்டு கேளுங்கள்: விண்ணப்பித்த கம்பெனியின் பெயர், அமைச்சகம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் நகல். எஸ் பாஸுக்குத் தொழிலாளி தானே விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள முதலாளி போட வேண்டும், அல்லது அவர் சார்பில் அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி போட வேண்டும். காரணம் எழுதிய கடிதமும் அவர்களுக்குத்தான் போகும். உண்மையாகவே போட்டிருந்தால் நகல் அனுப்புவது ஐந்து நிமிட வேலை. "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விண்ணப்பம் போட்டு உண்மையிலேயே மறுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ரிஜெக்ட் என்றதும் தங்களிடம் ஏதோ குறை என்று குறுகிப் போகிறார்கள். பல சமயம் குறை கம்பெனியிடம் இருக்கும். எஸ் பாஸில் கோட்டா உண்டு. சேவைத் துறைக் கம்பெனி என்றால் மொத்த ஆட்களில் 10 சதவீதம்தான் எஸ் பாஸில் இருக்கலாம். உற்பத்தி, கட்டுமானம், கப்பல் பட்டறை போன்றவற்றில் 15 சதவீதம். 20 பேர் இருக்கும் சேவைக் கம்பெனியில் ஏற்கெனவே 2 பேர் எஸ் பாஸில் இருந்தால், மூன்றாவதாக நீங்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கதவு திறக்காது. அதே கம்பெனி ஆள் கணக்கு மாறாமல் பத்து முறை போட்டாலும் பத்து முறையும் அதே பதில்தான் வரும். கோட்டா உள்ள வேறு கம்பெனி போட்டால், உங்கள் காகிதத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமலே கிடைத்துவிடலாம்.

அடுத்தது சம்பளம். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. நிதித் துறைக்கு இதைவிட அதிகம். வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். 3,300 என்பது இளவயதுக்காரருக்கான அடித்தளம்தான். 27 வயதில் உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும். அமைச்சகத் தளத்திலேயே வயது, படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாம் போட்டு, தகுதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இலவசம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து உங்கள் உண்மையான விவரத்தைப் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் ஆறு மாதமாகச் சொல்லாததை அது சொல்லிவிடும்.

மறுப்பில் சொன்ன காரணத்துக்குச் சரியான பதில் இருந்தால் அப்பீல் போடலாம். அதையும் முதலாளிதான் போட வேண்டும், மறுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள். காரணத்துக்குப் பதில் சொல்லாமல் பழைய காகிதத்தையே திரும்ப அனுப்பினால் அது அப்பீலே அல்ல. இன்னொன்று: எஸ் பாஸ் விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி, அதுவும் விண்ணப்பிப்பவர் கட்டுவது. மாதந்தோறும் அரசுக்குக் கட்டும் லெவியும் முதலாளியின் பாடு. அதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. "கவர்மென்ட் ஃபீஸுக்கே ரெண்டு லட்சம் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் காகிதத்தில் நான் பார்த்த ஒரு சிக்கலும் உண்டு. டிப்ளமோவில் உங்கள் பெயர் ஓரெழுத்து இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில் ஏறியிருக்கிறது. பட்டறைச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று பெயர். ஒரே நபர்தான் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் செய்துகொள்ளுங்கள். பட்டறை முதலாளியிடம் போய், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே, சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை எல்லாம் எழுதி லெட்டர்பேடில் புதுச் சான்றிதழ் கேளுங்கள். 3 வருடம் என்றால் 3 வருடம்தான். கூடவே, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கங்களையும் எடுத்து வையுங்கள்.

இனி அந்த 6 வருடச் சான்றிதழ் விஷயம். இதில் கண்டிப்பாகப் பேசுகிறேன், வருத்தப்படாதீர்கள். சிங்கப்பூரின் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு அந்த நாட்டில் மறுபடி வேலை செய்யவே தடை விழும். இங்கேயும், போலி ஆவணத்தைத் தெரிந்தே உண்மை போலக் காட்டுவது நம் நாட்டின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். பேப்பரில் 3,400, கையில் 1,800 என்பதும் இதே கதைதான். சம்பளத்தைக் கூட்டிக் காட்டிவிட்டு மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது முதலாளிக்கு அங்கே குற்றம்; தெரிந்தே ஒத்துக்கொண்டு போனவரும் விசாரணையில் மாட்டுவார். பிறகு கையில் 1,800 கூட வராத மாதத்தில் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

இன்னொரு கோணமும் இருக்கிறது, இது ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும். இன்று நீங்கள் ஏமாற்றப்பட்டவர். போலீஸிலும் கோர்ட்டிலும் நிமிர்ந்து நிற்கலாம். பொய்ச் சான்றிதழுக்கு நீங்கள் "சரி" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிய நிமிடத்தில் கூட்டாளி ஆகிவிடுகிறீர்கள். சட்டவிரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணத்தை மீட்டுத் தர நீதிமன்றம் லேசில் முன்வராது. என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான் "ஓகே அண்ணே" என்று அனுப்பியிருந்தான். எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வழக்கை இழுத்தார். ஆகவே இன்றே, "பொய்யான அனுபவச் சான்றிதழுக்கு எனக்குச் சம்மதம் இல்லை, என் பெயரில் எதுவும் போட வேண்டாம்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்து சொல்வார். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பாஸ் இல்லாமல் வேலை செய்தாலும் மேலே சொன்ன அளவு தண்டனைதான்.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். அது இந்திய அரசின் சொத்து. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் உண்டு, போலீஸுக்கே இல்லை என்று 2008-ல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க ஒரு ஏஜென்ட் எந்த உரிமையில் மேசை டிராயரில் பூட்டி வைக்கிறார்? 7 நாள் அவகாசம் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் பெயர் பெயராகப் பட்டியலிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. டிப்ளமோவையும் மதிப்பெண் பட்டியல்களையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள்: "தொலைந்துவிட்டது" என்று புகார் கொடுத்துப் புது பாஸ்போர்ட் எடுப்பது. ஊரில் பலர் சொல்லிக்கொடுக்கும் யோசனை இது. பாஸ்போர்ட் வாங்கப் பொய் சொல்வது பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் குற்றம். நோட்டீஸுக்கும் அசையாவிட்டால் போலீஸ் புகாரோடு, இன்னாரிடம் இருக்கிறது, தர மறுக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பணம். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். "சிங்கப்பூர் ஈ.சி.ஆர். நாடு இல்லை, லைசென்ஸ் தேவையில்லை" என்று சொல்வார்கள். ஈ.சி.ஆர். என்பது போகிற ஆளின் குடிபெயர்வு அனுமதி பற்றியது. ஏஜென்டின் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அவர் பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்றவராகவே இருந்தாலும் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். உங்களிடம் வாங்கியது 2,75,000. பதிவு இல்லாதவர் என்றால் அந்தச் சட்டத்திலேயே 2 வருடம் வரை சிறை உண்டு. கூடவே மோசடிக்கு நியாய சன்ஹிதாவின் 318(4), அதில் 7 வருடம் வரை. "திருப்பித் தரப்படாது" தாளைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏமாற்றி வாங்கிய சம்மதம் உங்களைக் கட்டாது.

புகாரைத் திருவாரூர் எஸ்.பி. அலுவலகத்தில் கொடுங்கள், மாவட்டக் குற்றப்பிரிவுக்கு அனுப்புவார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தனியாக, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். சிவில் வழக்கு என்றால் 3 வருடம். தையில் கொடுத்த பணம் என்பதால் காலம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண்.

மச்சான் கணக்குக்குப் போன 1,50,000-க்கு வங்கி அறிக்கை பேசும். ரொக்கமாகக் கொடுத்த 1,25,000-க்குத்தான் பாடுபட வேண்டும். அம்மா நகையை அடகு வைத்த ரசீதில் தேதியும் தொகையும் இருக்கும். அன்று மாலையே ஏஜென்டிடம் கொடுத்தீர்கள் என்பதற்கு அது நல்ல துணை. அன்றைக்குக் கூட வந்த சித்தப்பா சாட்சி. "பணம் வந்துச்சு தம்பி" என்று அவர் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். அது தங்கம் மாதிரி. அந்த போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஒரு சான்று இணைக்க வேண்டும், அதற்கு அந்தக் கருவியே இருப்பது நல்லது.

முழுத்தொகையும் திரும்பும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். நோட்டீஸ் போனதும் பாதியைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்புவார்கள். வாங்குவதானால் பாஸ்போர்ட், சான்றிதழ்கள் முதலில் கைக்கு வரட்டும். பணம் வங்கி வழியாக வரட்டும். மீதிக்குத் தேதி போட்ட காசோலை வாங்குங்கள். புகாரை வாபஸ் வாங்கும் தாளில் கடைசித் தவணை ஏறிய பிறகுதான் கையெழுத்து.

புது விண்ணப்பத்துக்கு அவசரம் வேண்டாம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து வையுங்கள். வேறு யாராவது வேலை இருக்கிறது என்று வந்தால் கம்பெனி பெயர், பதவி, சம்பளம், எந்தத் துறைக் கோட்டா என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். முன்பு மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் கேட்டிருந்தால் ஆம் என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கனடா பக்கம் யோசித்தாலும் இதே முறைதான். அங்கே பொய் சொல்லி மாட்டினால் 5 வருடத் தடை.

நகை அடகு வைத்த இடத்தில் வட்டி கட்ட வேண்டிய தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு ஏற்பாடு செய்ததாகச் சொன்னீர்களே, அதில் முதலில் அந்த வட்டியைக் கட்டிவிடுங்கள். ஏலத்துக்குப் போக விடாதீர்கள்.