ரோஜர் மில்லா 38 வயதில்தான் புகழ்பெற்றாரா?

இல்லை. கேமரூன் கால்பந்து வீரரான மில்லா 1976-லேயே ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். பிரான்ஸில் பல கிளப்களுக்கு ஆடியவர். உலகம்தான் 1990 வரை கவனிக்கவில்லை. ரியூனியன் தீவில் ஓய்வாக ஆடிக்கொண்டிருந்தவரை கேமரூன் அதிபர் பால் பியா தலையிட்டு தேசிய அணிக்குத் திரும்ப வைத்தார். அந்த 1990 இத்தாலி உலகக் கோப்பையில், 38 வயதில், மாற்று வீரராகவே இறங்கி 4 கோல் அடித்தார்: ருமேனியாவுக்கு 2, கொலம்பியாவுக்கு 2. கொலம்பிய கோல்கீப்பர் ஹிகிட்டா பெனால்டி பகுதியை விட்டு வெகுதூரம் வந்து பந்தோடு வித்தை காட்ட, மில்லா அதைப் பறித்துக்கொண்டு ஓடி ஆளில்லாத வலைக்குள் தள்ளினார். ஹிகிட்டா கேட்டு வாங்கிய கோல் அது! பிறகு மூலைக்கொடி அருகே அவரது புகழ்பெற்ற இடுப்பாட்டம். கேமரூன் காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியானது.

1994-இல், 42 வயதில், ரஷ்யாவுக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்தார். உலகக் கோப்பையில் கோலடித்தவர்களில் மிக மூத்தவர் அவர்தான். ஆட்டம் என்னவோ 6-1 என்று தோல்வி.