ஜிம்மில் சேர வேண்டாம், முதலில் ஷார்ட்ஸ் வாங்குங்கள்

வணக்கம் அக்கா,

நீங்கள் எழுதுவதை வேலைக்குப் போகும் வழியில் எம்ஆர்டி ரயிலில் படிப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 38 வயது, எடை 103 கிலோ. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீடு. சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர், கணவர் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவனுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. டியூஷன் காசு போக மாசக் கடைசியில் கையில் நிற்பது ரொம்பக் கொஞ்சம்.

உடற்பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்று 100 வெள்ளி (டாலர்) எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் எம்ஆர்டி வாசலில் ஒரு பெண் நிறுத்தி, ஜிம்மில் மாதம் 98 வெள்ளி, 18 மாத ஒப்பந்தம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் சேரும் கட்டணம் கிடையாது என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்கு முன்னால் நானே ஒரு நாள் ஸ்டேடியத்தில் ஓடிப் பார்த்தேன். அரைச் சுற்றுகூட முடியவில்லை. இரண்டு பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடை இரண்டும் உரசித் தோல் உரிந்து கிடந்தது, இரண்டு நாள் காலை அகட்டி வைத்துத்தான் நடந்தேன்.

நாத்தனார், முதலில் டயட் செய்து கொஞ்சம் இளைத்துக்கொண்டு அப்புறம் ஜிம்முக்குப் போ, இப்படியே போனால் அசிங்கம் என்கிறார். மாமியார், வீட்டு வேலை செய்தாலே போதும் என்கிறார். இத்தனைக்கும் போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து முழுக்க நடந்தவள் நான். ஜிம்மில் சேரட்டுமா? இல்லையென்றால் எங்கே தொடங்குவது? ஜூன் மாதம் ஒரு கல்யாணம் இருக்கிறது, அதற்குள் எத்தனை கிலோ குறையும்?

– ஈசூன் வாசகி

*

அன்புள்ள ஈசூன் தங்கைக்கு,

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். 98ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 1764 வெள்ளி. வாசலில் நிறுத்தி "இன்றைக்கே" என்று யார் எதை விற்றாலும் அது அவர்களுடைய அவசரம், உங்களுடையது இல்லை. 2016இல் இங்கே ஒரு பெரிய ஜிம் திடீரென்று இழுத்து மூடியபோது முன்பணம் கட்டியவர்கள் வாசலில் நின்ற கோலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது ஒரு பக்கம். நாளைக்கே மூடாத நல்ல ஜிம்மாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன், ஏனென்றால் சிங்கப்பூரில் உடற்பயிற்சி செய்யும் இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. நம்மைப் போன்ற உடம்புக்காரர்கள் காசு செலவழிக்க வேண்டிய இடம் வேறு. உங்கள் தொடை அதைத்தான் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

"நம்மைப் போன்ற" என்றுதான் சொல்கிறேன், நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன். ஒல்லியானவர்கள் எழுதும் உடற்பயிற்சிக் குறிப்புகளில் தொடை உரசல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. "வசதியான உடை அணியுங்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். நமக்கோ, இந்த ஊர் வெக்கையில் பத்து நிமிஷம் நடந்தாலே வியர்வை உப்பாகி உள்தொடையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடும். பருத்தி பேன்ட் வியர்வையைக் குடித்துக்கொண்டு இன்னும் மோசமாகத் தேய்க்கும். ஆகவே அந்த 100 வெள்ளியில் முதல் செலவு, முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும், உடம்போடு ஒட்டிய, லைக்ரா கலந்த ஷார்ட்ஸ் இரண்டு. ஒன்று காயும்போது மற்றொன்று. அதன்மேல் உங்கள் பழைய சுடிதாரோ லூஸான பேன்ட்டோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை. வாங்கும்போது கால் ஓரத்தை மட்டும் பாருங்கள், நடக்க நடக்க மேலே சுருண்டு ஏறுகிற ஷார்ட்ஸ் இருந்தும் இல்லாத கதைதான். கடையில் போட்டுப் பார்க்கும்போதே நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் தெரிந்துவிடும். கிளம்பும் முன் தொடையில் கொஞ்சம் வாசலின். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, எனக்கு அது சரிப்படவில்லை.

இரண்டாவது செலவு பிரா. வெட்கப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் வெட்கப்படாமல் படியுங்கள். நடக்கும்போது மார்பு ஆடி வலிப்பதால்தான் பாதிப் பெண்கள் உடற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். மார்பைத் தாங்கிப்பிடிக்க வேண்டியது பிராவின் அடியில் சுற்றி வரும் பட்டை, தோள்பட்டி அல்ல. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், அதற்குமேல் போனால் சைஸ் பெரிது. உடை மாற்றும் அறையில் ஒரு தடவை குதித்துப் பாருங்கள், பக்கத்து அறையில் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள். விலை உயர்ந்தது கிடைக்கவில்லை என்றால், சாதாரண பிராவின்மேல் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், நடைக்கு அது போதும். திரும்பி வந்ததும் மார்புக்கு அடியில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். அங்கே சிவந்து அரித்து வாடை வந்தால் அது வெறும் வியர்க்குரு இல்லை, பூஞ்சையாக இருக்கலாம். பவுடர் போட்டு மூடாமல் பாலிகிளினிக்கில் காட்டுங்கள்.

ஷூ? எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர் நீங்கள், காலில் ஏதோ உருப்படியான ஷூ இருக்கத்தான் செய்யும். அடிப்பாகம் ஒருபக்கமாகத் தேயாமல் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும். மிச்சம் காசு இருந்தால் டெக்கத்லான் மாதிரி கடையில் விலை குறைந்த நடைக் காலணி பாருங்கள், ஆனால் வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள்.

சரி, இனி எங்கே போவது. ஸ்டேடியம் வேண்டாம், ஓட்டமும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பையன்களுக்காகச் சொல்லவில்லை, உங்கள் முட்டிக்காகச் சொல்கிறேன். நடை போதும். இந்த ஊரில் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது, அதுவும் வருஷம் முழுக்க. ஆறேகாலுக்குக் கீழே இறங்கினால் முக்கால் மணி நேரம் இருட்டு உங்களுடையது, வெயிலும் இல்லை. அந்த நேரத்தில் நடமாடுகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கையை வீசித் தட்டிக்கொண்டே போகும் சீன ஆண்ட்டிகள், நாயைக் கூட்டி வந்த அங்கிள்கள். ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். ஒரு மாதம் போனால் "மார்னிங்" என்பார்கள், அவ்வளவுதான். மதிய ஷிஃப்ட் இருக்கும் நாளில் ஈசூன் குளத்தைச் சுற்றலாம், மருத்துவமனையை ஒட்டிய பக்கம் உட்கார இடம் உண்டு. ஆரம்பத்தில் உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடப்பது பெரிய தைரியம். மழை நாளில் புளோக்குக்குப் புளோக் போட்டிருக்கும் கூரைப் பாதையே போதும்.

எவ்வளவு நேரம்? முதல் வாரம் பத்து நிமிஷம். "இவ்வளவுதானா" என்று தோன்ற வேண்டும், அப்போதுதான் மறுநாளும் இறங்குவீர்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது சுகாதாரத் துறையினர் சொல்லும் அளவு, அதை மூன்று மாதத்தில் எட்டினாலும் நல்லதுதான். வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் எட்டி நடங்கள். மாடிப்படி ஏற ஆசை வந்தால் ஏறுங்கள், ஆனால் இறங்கும்போது லிஃப்டில் இறங்குங்கள். முட்டியை அதிகம் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

திரும்பி வரும்போது புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கிறதே, அதன் ஸ்டூலில் உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முடியவில்லை என்றால் ஒரு கையை மேசையில் வையுங்கள், அடுத்த வாரம் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பாருங்கள். ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தாலே தொடை சொல்லும். பிறகு தூணில் கைகளை வைத்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளி ஒரு ஐந்து. இதைத்தான் ஜிம்மில் பளபளப்பான மெஷினில் காசு வாங்கிக்கொண்டு செய்யச் சொல்வார்கள்.

நாத்தனார் சொல்வது, பல்வலி நின்ற பிறகு பல் டாக்டரிடம் போ என்பது மாதிரி இருக்கிறது. மாமியார் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட மாட்டேன், பாத்ரூம் தேய்த்தால் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் நாள் முழுக்க நிற்பதால் வரும் கால் வலி வேறு, நெஞ்சு வேகமாக அடித்து வரும் களைப்பு வேறு. இரண்டாவதுதான் இருதயத்துக்கு வேலை. நாத்தனார் அசிங்கம் என்றாரே, தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், தலையில் குடத்தோடு நடந்தபோது உங்கள் இடுப்பளவை யாராவது கேட்டார்களா? அதே கால்தானே இது. இன்னொன்று, இதை யாரிடமும் அறிவிக்காதீர்கள். கணவரிடம் சொல்லுங்கள், போதும். நம் சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தால் அடுத்த விசேஷத்தில் தட்டை எடுக்கும்போதே "என்னம்மா, வாக்கிங் போறியாமே, ஒண்ணும் தெரியலையே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்டேடியப் பையன்களின் சிரிப்பை மறந்துவிடலாம், இதை மறக்க நாளாகும்.

தனியாக நடந்து அலுத்துப்போனால் இலவச வகுப்புகள் இருக்கின்றன. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியில் பூங்கா, கடைத்தொகுதி, சமூக மன்றம் என்று எங்கெங்கே ஸும்பாவும் மற்றதும் நடக்கின்றன என்று பார்த்து முன்பதிவு செய்யலாம். பின்வரிசையில் நில்லுங்கள், எல்லோரும் குதிக்கும்போது நீங்கள் காலை மட்டும் எடுத்து வையுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நடந்த அடிகளுக்கு அதே செயலியில் புள்ளிகள் சேரும், அதைப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டு பட்ஜெட்டில் அது சும்மா விடுகிற காசு இல்லை. ஜிம் ஆசை விடவில்லை என்றால் அரசாங்கம் நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்முக்கு ஒரு தடவைக்கு இரண்டரை வெள்ளிதான், ஒப்பந்தமும் கிடையாது. உறுப்பினராகச் சேரும்போது கணக்கில் காசு போட்டுக் கொடுக்கும் சலுகை இப்போது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது பொது நீச்சல் குளம். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், அதாவது உங்கள் முட்டி முப்பத்தைந்து கிலோ பிள்ளையைத் தாங்குவதாக நினைத்துக்கொள்ளும். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடங்கள், தண்ணீர் எதிர்த்துத் தள்ளும், நல்ல வேலை. டி-சர்ட்டோடு இறங்க விட மாட்டார்கள், நீச்சல் துணியில்தான் வர வேண்டும். ஆனால் முழுக்கையும் முழங்கால்வரை மறைப்பதுமாக நீச்சலுடை இருக்கிறது, நம் பெண்களும் மலாய்ப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உடை மாற்றும் அறையிலிருந்து குளத்துப் படி வரைக்கும் உள்ள தூரம்தான் கஷ்டம். துண்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியருகில் போட்டுவிட்டு இறங்குங்கள், தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டால் எல்லோரும் ஒரே சைஸ்.

சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் இனத்தாருக்கு இங்கே சர்க்கரை அதிகம், 38 வயதில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்று வந்தால் அன்றைக்கே டாக்டர், மறுநாள் அல்ல.

ஜூன் மாதத்துக்குள் எத்தனை கிலோ என்றால், தெரியாது என்பதுதான் பதில். தினமும் அரை மணி நடந்தால் எரிவது கிட்டத்தட்ட ஒரு பிராட்டா (பரோட்டா) அளவுதான், ஆகவே நடையை மட்டும் நம்பி எடை மடமடவென்று இறங்காது. சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது, வேண்டுமானால் தனியாக எழுதுங்கள். எடைக்கு முன்னால் மாறுவது தூக்கம், அப்புறம் எம்ஆர்டி படியில் நடுவில் நிற்காமல் ஏறுவது. கல்யாணத்துக்குப் புடவை இப்போது சரியாக இருக்கும் ஜாக்கெட்டோடு எடுத்து வையுங்கள், பின்னால் லூஸானால் பிடித்துக்கொள்ளலாம்.

மாமியாருக்கு 65 ஆகிவிட்டதா? சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்தால் பொது நீச்சல் குளத்திலும் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மிலும் அவருக்கு நுழைவு இலவசம். ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டேன் என்றால் அந்த ஒரு மணி நேரம் வீட்டு வேலையை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அதுவே போதுமான உடற்பயிற்சி என்று அவர்தானே சொன்னார்.

அன்புடன்,
அக்கா