வாசகர் கேள்வி பதில்: பக்கத்து வீட்டு அக்காவின் திருவிழா

கேள்வி: அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழி வந்தவர்களைப் போற்றும் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தை எங்கள் குடியிருப்பில் கொண்டாடப் போகிறார்கள். ஆறு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஸ்டால் போடுகிறோம். பெரிய வைக்கோல் தொப்பி, ஒட்டு மீசை, கடையில் வாங்கிய டாக்கோ என்ற மெக்சிகோ உணவு என்று திட்டம். எட்டாவது படிக்கும் என் மகள், "இது கேலி பண்ற மாதிரி இருக்கும்மா" என்கிறாள். நல்ல மனசோடு செய்வதில் என்ன தப்பு?
- ஒரு வாசகி, சான் அன்டோனியோ, டெக்சாஸ்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நம் பொங்கலைக் கொண்டாட வருகிறேன் என்று யாராவது பாம்பாட்டி வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? தொப்பியையும் மீசையையும் விட்டுவிடுங்கள்.

மகளின் பிரசவத்துக்காக உங்கள் ஊரில் ஆறு மாதம் இருந்தேன். மேற்குப் பகுதியில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த தெரு. பக்கத்து வீட்டில் எழுபத்தொன்பது வயது அம்மா ஒருவர். அவர் என்னை 'வெசினா' என்பார், பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தம். நான் அவரை அக்கா என்றேன். அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், அவருடைய பேத்திகளும் என் மகளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மக்காச்சோள மாவை மட்டையில் மடித்து வேகவைக்கும் தமாலெஸ் செய்ய என்னையும் உட்கார வைத்தார். மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மட்டையைக் காயவைத்து எடுத்துவைத்திருப்பார்கள். அதை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டாயிற்று. மட்டையின் வழவழப்பான பக்கத்தில் கரண்டியின் முதுகால் மாவைத் தேய்க்க வேண்டும். அதற்குப் பேர் 'மாசா', கேட்டதுமே என் காதில் மாவு என்றுதான் விழுந்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைத்த மாவு. அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் மாவு சேர்ந்து வராது, மக்காச்சோளத்தின் சத்தும் உடம்பில் முழுசாக ஒட்டாது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே மெக்சிகோ, நடு அமெரிக்க மக்கள் கண்டுபிடித்த வித்தை அது. நான் கறி சாப்பிடாதவள் என்பதால் பன்றிக் கொழுப்புக்குப் பதில் எண்ணெய் விட்டு எனக்கென்று தனியாக ஒரு சட்டி பிசைந்து, உள்ளே பச்சை மிளகாயும் சீஸும் வைத்தார்.

மடித்த பொட்டலங்களைப் பெரிய பாத்திரத்தில் நிற்க வைத்து ஆவியில் வேகவிட்டோம். அடியில் ஒரு நாணயம் போட்டிருந்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். என் அம்மா இட்லிக் கொப்பரையில் இதையேதான் செய்வார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாத்திரம் கொதிக்கும் நேரத்தில்தான் அக்கா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் பீகான் கொட்டை உடைத்தவர். வால்நட் இனத்தைச் சேர்ந்த அந்தக் கொட்டையை உடைத்துப் பருப்பை நகத்தாலும் சிறு குத்தூசியாலும் முழுசாக எடுக்கும் வேலை, அன்றைக்குச் சான் அன்டோனியோவில் பெரிய தொழில். ஜன்னல் இல்லாத கொட்டகைகள். கொட்டைத் தூசி நெஞ்சில் இறங்கும், காசநோயும் பரவும். வாரக் கூலி 2, 3 டாலர். அதையும் குறைத்தபோது, 1938 ஜனவரி 31 அன்று சுமார் 12,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். முன்னே நின்றவர் எம்மா தெனாயுக்கா, அப்போது அவருக்கு வயது 21. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். அதே வருஷம் நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் கூலியைத் தருவதற்குப் பதில் முதலாளிகள் இயந்திரம் கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போயிற்று. வெற்றி என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனசு வராது. எம்மா ஊரை விட்டே போக நேர்ந்தது. பிறகு திரும்பி வந்து ஆசிரியையாக இருந்து, 1999-ல் காலமானார்.

உங்கள் ஸ்டாலுக்கு வருவோம். கடை டாக்கோவுக்கு வைத்திருக்கும் பணத்தை, குடியிருப்பிலேயே டஜன் கணக்கில் தமாலெஸ் செய்து விற்கும் அம்மா யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். விலையில் பேரம் பேசாதீர்கள். அதற்கு முன் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் குடும்பத்தில் யாருடைய படத்தை நாங்கள் வைக்கட்டும்?" என்று கேளுங்கள். கேட்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் என்றால் 1-ம் தேதி தொடங்க வேண்டாமா? ஏன் செப்டம்பர் 15-ல் தொடங்குகிறார்கள்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1821 செப்டம்பர் 15 அன்று குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்தும் ஸ்பெயினிடமிருந்து விடுதலை என்று அறிவித்துக்கொண்டன. மெக்சிகோவின் சுதந்திர தினம் மறுநாள் 16, சிலியுடையது 18. அதனால்தான் அந்தத் தேதி. அக்டோபர் 15 வரை நடக்கும். 1968-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988-ல் ரீகன் காலத்தில் ஒரு மாதமானது. ஜான்சன் இளவயதில், சான் அன்டோனியோவுக்குத் தெற்கே கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்ததை 1965-ல் நாடாளுமன்றத்திலேயே நினைவுகூர்ந்தார்.

கேள்வி: ஹிஸ்பானிக், லத்தீனோ, எது சரி?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழி வழி வந்த பெயர், லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க மண் வழி வந்தது. பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் போர்த்துகீசியம் பேசுவதால் ஹிஸ்பானிக் இல்லை. எதிரே இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே கூப்பிடுங்கள். எங்கள் அக்கா தன்னை 'தெஹானா' என்பார், டெக்சாஸ்காரி.

கேள்வி: மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். பிழைக்க வந்தவர்கள்தானே அங்குள்ள மெக்சிகோ வம்சாவளியினர், ஊருக்கு என்ன செய்துவிட்டார்கள்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் மகனும் பிழைக்கப் போனவர்தான். அவர்களில் பலருடைய முன்னோர் அங்கேயே இருந்தவர்கள். சான் அன்டோனியோ 1718-ல் ஸ்பானியர் காலத்தில் உருவான ஊர். டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. "எல்லையை நாங்கள் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று அங்கே சொல்வார்கள்.

சான் அன்டோனியோவின் தென்பகுதியில் எஸ்பாதா என்ற பழைய மிஷன், அதாவது ஸ்பானியப் பாதிரிமார் அமைத்த தேவாலயக் குடியிருப்பு, இருக்கிறது. அங்கே 18-ம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஒரு ஓடைக்கு மேலே கல் தொட்டிப் பாலம் கட்டி அந்தத் தண்ணீரைக் கடத்தியிருக்கிறார்கள். கட்டியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். வாய்க்காலுக்கு அங்கே சொல்லும் 'அசேக்கியா' என்ற பெயர் அரபியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் அங்கிருந்து வந்தது. கொங்கு நாட்டுக்காரர் நீங்கள், வாய்க்கால் தண்ணீரின் அருமை உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? 2015-ல் எஸ்பாதாவும் அந்த ஊரின் மற்ற மிஷன்களும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இன்னொருவர் வில்லி வெலாஸ்கெஸ். 1974-ல் சான் அன்டோனியோவில் ஓர் அமைப்பைத் தொடங்கி, வீடு வீடாகப் போய் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர வைத்தவர். "சு வோத்தோ எஸ் சு வோஸ்" என்பது அவருடைய முழக்கம்: உங்கள் ஓட்டுதான் உங்கள் குரல். 1988-ல், நாற்பத்து நான்கே வயதில் போய்விட்டார்.

கேள்வி: நம் செண்டுமல்லியை மெக்சிகோக்காரர்கள் சாமிக்கு வைக்கிறார்களாமே?
- ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: அது முதலில் அவர்களுடைய பூ, தாயி. மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றி நம் மாலைக்கு வந்தது. அங்கே 'செம்பசூச்சில்' என்பார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது, அதன் மஞ்சளும் வாசமும் வழிகாட்டி அவர்களை வீட்டுக்கு அழைத்து வரும் என்பது நம்பிக்கை. அக்கா வீட்டில் படிக்கட்டு மாதிரி மூன்று அடுக்குப் படையல். வாசல் தொடங்கி இதழ் தூவியிருந்தார். நடு அடுக்கில் அவர் அம்மாவின் படம், ஒரு தம்ளர் தண்ணீர், மெழுகுவத்தி. பக்கத்தில் ஒரு தட்டில் பீகான் கொட்டைகள். எல்லாமே உடைத்து, பருப்பெடுத்து வைத்தவை. "அம்மா இனிமே உடைக்க வேண்டாம்" என்றார் அக்கா.