படகில் குடியேறிய மகனும் மருமகளும்: 20 லட்சம் அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, எங்க வீட்டுக்காரருக்கு 66. பள்ளத்தூரில் இருக்கிறோம். ஒரே மகன். அவனும் மருமகளும் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார்கள். மாதம் 1,500 பவுண்டு வாடகை கொடுத்து மாளவில்லை என்று, கால்வாயில் ஓடும் 57 அடி இரும்புப் படகு ஒன்றை 48,000 பவுண்டுக்கு வாங்கி அதிலேயே குடியேறி மூன்று மாதம் ஆகிறது. 33,000 அவர்கள் சேமிப்பு, மீதி 15,000 பர்சனல் லோன், தவணை மாதம் சுமார் 300. இரண்டு பேருக்கும் படகு புதிது. சொந்தமாக நிறுத்த இடம் கிடையாது, 14 நாளுக்குள் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். மிக்ஸி போட்டால் விளக்கு மங்குகிறது, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கிறது என்கிறாள் மருமகள். இப்போது 20 லட்சம் கேட்கிறார்கள். பாதிக் கடனை அடைக்க 9, புது பேட்டரி, சோலாருக்கு 4, அடித்தகட்டு வேலைக்கு 4, குளிர்காலச் செலவுக்கு 3. எங்களிடம் வங்கி டெபாசிட் 38 லட்சம் இருக்கிறது, 7 சதவீத வட்டி. அதில் 20 லட்சம் அடுத்த மாதம் முதிர்கிறது. பென்ஷன் இல்லை. காரைக்குடியில் ஒரு கடை வாடகை 9,000 வருகிறது. மாதச் செலவு 28,000. அனுப்பலாமா? பத்தாது என்றால் பங்காளிகளோடு பொதுவாக இருக்கும் பெரிய வீட்டில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடலாமா?

பதில்: 20 லட்சம் அனுப்பாதீர்கள் ஆச்சி. 4 லட்சம் அனுப்பலாம், அதுவும் ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. இன்னொரு 4 லட்சத்தை அவர்களுக்காக என்று எடுத்து வையுங்கள், ஆனால் அது உங்கள் பெயரிலேயே இங்கேயே இருக்கட்டும்.

முதலில் உங்கள் வீட்டுக் கணக்கு. 38 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் 22,000 சொச்சம் வட்டி, கடை வாடகை 9,000, ஆக 31,000 வருகிறது, 28,000 போகிறது. 20 லட்சத்தை எடுத்துவிட்டால் மீதி 18 லட்சத்துக்கு மாதம் 10,500தான் வரும். வாடகையைச் சேர்த்தாலும் 19,500. மாதம் 8,500 துண்டு விழும், அதை டெபாசிட் முதல் தொகையில் இருந்து எடுக்க ஆரம்பிப்பீர்கள், முதல் குறையக் குறைய வட்டியும் குறையும், அதற்கு நடுவில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மகனிடமே திருப்பிக் கேட்கும்படி ஆகும். பென்ஷன் இல்லாத வீட்டில் டெபாசிட்தான் சம்பளம், அதைப் பாதியாக்கிக்கொண்டு யாருக்கும் உதவ முடியாது.

இப்போது படகுக்கு வருவோம். அவர்கள் செய்திருப்பது ஒன்றும் பைத்தியக்கார வேலை இல்லை, இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் என்கிற இந்த ஒடுக்கமான படகில் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறைய உண்டு. அகலம் 7 அடிக்குள்தான் இருக்கும், அங்கே படகை மேடு பள்ளத்துக்கு ஏற்றி இறக்கும் பூட்டுவாய்க்கால் பலதும் அந்த அளவுக்குக் கட்டியது. இந்த அளவு ஒடுக்கத்தில் இரண்டு பேர் முதல் வருஷம் பழகுவதற்குள் மூச்சு முட்டத்தான் செய்யும். தண்ணீர்த் தொட்டியை நாமே போய் நிரப்ப வேண்டும், டாய்லெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும், கேஸ் சிலிண்டர், அடுப்புக்கரி, டீசல் எல்லாம் தீரும் முன்னே தெரிந்து வாங்கி வைக்க வேண்டும். இதெல்லாம் பழக்கம், பணத்தால் தீராது. பழக்கத்தால் தீர வேண்டியதற்குப் பணத்தைக் கொட்டுவதுதான் புதுசாகப் படகேறுகிறவர்கள் செய்வது, உங்கள் மகன் போட்ட பட்டியலிலும் பாதி அதுதான்.

9 லட்சம் கடன் அடைக்க. வேண்டாம். மாதம் 1,500 வாடகை நின்றுவிட்டது, தவணை 300, மிச்சம் 1,200 பவுண்டு கையில் நிற்க வேண்டும். படகு லைசென்ஸ் வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும்தான். 2024 ஏப்ரலில் இருந்து, சொந்த நிறுத்துமிடம் இல்லாத படகுகளுக்கு, கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் கூடுதல் கட்டணமும் போட்டிருக்கிறது, 5 சதவீதத்தில் தொடங்கி 2028-க்குள் 25 சதவீதம் ஆகிறது. அப்புறம் இன்சூரன்ஸ், டீசல், கரி. எல்லாம் சேர்த்தாலும் இரண்டு சம்பளம் வரும் வீட்டில் 300 பவுண்டுத் தவணை கட்ட முடியாமல் போகாது. அந்த 1,200 எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு ஐந்தொகை போடச் சொல்லித்தர வேண்டுமா என்ன, கேட்டால் போட்டுவிடுவான்.

பேட்டரிதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புகிற விஷயம், ஏனென்றால் காசு சத்தமில்லாமல் கரைவது அங்கேதான். கரண்ட் கம்பி இல்லாத இடத்தில் நிற்கும் படகில் விளக்கு, பம்ப், பிரிட்ஜ் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. நம் ஊர் 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டர் வழியாகப் போட்டால் அது பேட்டரியில் இருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சட்னிக்கு இரண்டு நிமிஷம் என்றால் மொத்தச் செலவு சொற்பம்தான், ஆனால் அந்த இழுப்பிலேயே விளக்கு மங்குகிறது என்றால் பேட்டரி நொந்துபோயிருக்கிறது, இல்லையென்றால் ஒயர் மெலிசாக இருக்கிறது, இல்லையென்றால் எங்கேயோ இணைப்பு லூசாக இருக்கிறது. கடைசி இரண்டும் ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் முடிந்துபோகும். பேட்டரியே போயிருந்தாலும், சாதா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் எதை வாங்கிப் போட்டாலும் சீக்கிரம் சாகும், முதலில் அந்தப் பழக்கம் மாற வேண்டும். லித்தியம் அந்த விஷயத்தில் தாங்கும், ஆனால் என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதற்கு ஓயாமல் சார்ஜ் கொடுத்துச் சூடேறிப் பழுதாகாமல் இருக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கு வேறு செலவு. சோலாரோ, இங்கிலாந்தில் டிசம்பர் ஜனவரியில் வெயிலே கிடையாது, இப்போது போட்டால் நாலு மாதம் கூரையில் சும்மா கிடக்கும். அதனால் 4 லட்சம் இப்போது வேண்டாம். பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் தேவை என்று அவர்களுக்கே பிடிபட்டிருக்கும்.

குளிர்காலத்துக்குக் கேட்ட 3 லட்சத்துக்கும் இதற்கும் சேர்த்து ஒரே வழி இருக்கிறது. நவம்பரில் இருந்து மார்ச் வரை கரண்ட் இணைப்புள்ள மரினா, அதாவது வாடகைப் படகுத்துறை ஒன்றில் படகைக் கட்டிவிடச் சொல்லுங்கள், வாடகையை அவர்களே அந்த மிச்சமாகும் பணத்தில் கொடுக்கட்டும். மிக்ஸி ஓடும், பேட்டரி ஓய்வெடுக்கும், என்ஜினை தினம் சார்ஜுக்காக ஓட்டுகிற டீசல் மிச்சம். குளிர்காலத்தில்தான் கால்வாய்ப் பராமரிப்புக்காகப் பாதை பலதையும் அடைப்பார்கள், 14 நாளுக்குள் நகர வேண்டும் என்ற விதியோடு அதில் மாட்டிக்கொண்டு புதுசாக வந்தவர்கள் திண்டாட வேண்டியதில்லை. மரினா எடுக்கும்போது ஒன்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், அங்கே குடியிருக்க அனுமதி உண்டா என்று. பல இடங்களில் படகை நிறுத்த மட்டும்தான் அனுமதி.

பூஞ்சைக்கும் பெரிய செலவு இல்லை. குளிர்ந்த இரும்புச் சுவரில் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் பட்டுத் தண்ணீராக வழிகிறது, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி வைத்துச் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்தால் பாதி குறையும். ஆனால் ஆச்சி, இதை மட்டும் இன்றைக்கே போனில் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது. கரி அடுப்பு எரியும் படகில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். அதற்கான அலாரம் 2019 ஏப்ரலில் இருந்து அங்கே கட்டாயம். அது இருக்கிறதா, பட்டனை அமுக்கினால் கத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடித்தகடு, இதற்குத்தான் நான் சரி என்கிறேன். படகின் உயிர் அந்தத் தகட்டில் இருக்கிறது. புதிதாகக் கட்டும்போது பொதுவாக அடிப்பக்கம் 10 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 6, மேல்கூரை 4 என்று தகடு போடுவார்கள். துருப்பிடித்துத் தேய்ந்து 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பலவும் முழுக் காப்பீடு தரத் தயங்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்று சொல்லிவிடலாம். அப்போது படகு மூழ்கினால் 48,000-மும் தண்ணீரோடு போச்சு. அதனால் கேட்க வேண்டிய காகிதம் சர்வே ரிப்போர்ட், படகைக் கரையேற்றித் தகட்டின் கனத்தை இடத்துக்கு இடம் அளந்து எழுதிக் கொடுப்பது. வாங்கும்போது எடுத்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பட்டும். எடுக்காமல் வாங்கியிருந்தால் முதல் செலவே அதுதான், அதைப் பார்க்காமல் 4 லட்சத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது. தகடு நன்றாக இருந்து வெறும் தார்ப்பூச்சு மட்டும் போதும் என்று வந்தால் செலவு ரொம்பக் குறையும், அது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எப்படியும் அடிக்க வேண்டியதுதான். கூடவே விற்பனை ரசீதையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அங்கே கால்வாய்ப் படகுக்கு வீடு மாதிரிக் கட்டாயப் பத்திரப் பதிவு கிடையாது, வாங்கியதற்குச் சாட்சி அந்த ரசீது வரிசைதான்.

அந்த இன்னொரு 4 லட்சம் எதற்கு என்று கேட்பீர்கள். கரையேறுவதற்கு. படகு நம் வீடு மாதிரி விலை ஏறாது, வருஷத்துக்கு வருஷம் இறங்கும், அவசரத்துக்கு விற்கவும் முடியாது. மாசி மாதத்தில் ஒரு நாள் இனி முடியாது என்று இருவரில் ஒருவருக்குத் தோன்றினால், அல்லது குழந்தை உண்டாகி வேறு இடம் வேண்டும் என்றால், படகு விற்கும்வரை காத்திராமல் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் வாடகை அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-லேயே சட்டம் இருக்கிறது. 1,500 பவுண்டு வீட்டுக்கு அது 1,731. முதல் மாத வாடகையும் சேர்த்து 3,231. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் 3.7 லட்சம். அந்தப் பணம் அப்பச்சி ஆத்தாவிடம் இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மகனிடம் மட்டும் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லை என்று வாய்திறந்து சொல்ல அவளுக்கு அது தைரியம் கொடுக்கும், தெம்பாக இருந்தால் பிடித்துப்போகவும் செய்யலாம்.

நம் செட்டிநாட்டில் கல்யாணமான பிள்ளைகளைத் தனிக்குடித்தனமாக வேறு வைக்கும்போது செய்வது இதுதானே. ஓர் அறையும் அடுப்பும் கொடுத்து, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஒதுக்கி, அதற்குள் நடத்திக் காட்டு என்போம். பெரிய வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், ஆனால் கூடுதலாக அள்ளிக் கொடுக்க மாட்டோம். அந்தக் கணக்கையே இங்கேயும் வையுங்கள், ஒருமுறை 4, தேவைப்பட்டால் திரும்பிவர 4, அவ்வளவுதான் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் முறை: பான் கார்டோடு உங்கள் வங்கிக்குப் போய், மகனுக்கு அன்பளிப்பு என்று காட்டி அனுப்புங்கள். கடன் என்று எழுதாதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் ரூபாய்க் கடன் இங்கே அவருடைய என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கில்தான் போக வேண்டும், அதை வெளியே எடுத்துப்போக முடியாது. ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் என்று வங்கி முன்கூட்டியே வாங்கும் வரியைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் ஒருவர் பெயரிலேயே 20 லட்சமும் அனுப்பியிருந்தால் மேலே உள்ள 10-க்கு 20 சதவீதம், அதாவது 2 லட்சம் பிடித்துக்கொண்டு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து நீங்கள் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.

மீதிப் பணத்தையும் சும்மா விட வேண்டாம். முதிர்கிற 20-ல் 4 போக 16 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம், உங்கள் இருவருக்குமே வயது தகுதி உண்டு. அடுத்த டெபாசிட் முதிரும்போது இன்னொரு 9 சேர்த்து 25 ஆக்குங்கள். மற்ற 9 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும், 4 பிள்ளைகள் கரையேற, 5 உங்கள் மருத்துவத்துக்கு. எல்லாம் முடிந்தபின் மாத வருமானம் 31,300 வரும், இன்றைக்கு வருவதைவிட ஒரு ரூபாய் குறையாது.

வீட்டுப் பங்கு, தொடவே தொடாதீர்கள். பிரிக்காத வீட்டில் ஒரு பங்கை வெளியாள் நல்ல விலைக்கு வாங்க மாட்டார், பங்காளிகளில் ஒருவர் கேட்கிற விலைக்குத்தான் போகும். லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. வேறு வீடு வாங்கி அந்த வரியைத் தவிர்க்கும் சலுகையும் இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான், படகுக்குச் செல்லாது. அப்படியே அவசரம் வந்தாலும் விற்பதற்கு முன் 2001 ஏப்ரல் 1 நிலவர மதிப்பைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வரிக்கணக்கு அதில் இருந்துதான் தொடங்கும்.

டெபாசிட் தேதி வருவதற்குள் சர்வே ரிப்போர்ட் வந்துவிட்டால் 4 லட்சத்தை அனுப்புங்கள். வரவில்லை என்றால் அந்த நாலையும் மூன்று மாத டெபாசிட்டில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.