ஸ்பானிஷ் டீச்சரின் அறிமுகத் தாளை எப்படிப் படிப்பது?

வணக்கம் தம்பி. டெக்சாஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது, மகள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். டீச்சரின் அறிமுகத் தாளில் இருந்ததையும் சொல்லியிருந்தீர்கள்: மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பட்டம், ஸ்பெயினின் சலமான்காவில் ஒரு செமஸ்டர், பீஸ் கோர் (அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டம்) சேவையில் தென் அமெரிக்காவின் பராகுவே, பிடித்தவை நெடுநடை, சமையல், கவிதை. "தாய்மொழிக்காரர் இல்லையே, சரியாகச் சொல்லித் தருவாரா? பொழுதுபோக்கையெல்லாம் பெற்றோருக்கு எதற்கு எழுதுகிறார்கள்?" என்பதுதான் உங்கள் கேள்வி.

தயங்காமல் படிக்க விடுங்கள். அந்தத் தாள் சும்மா மரியாதைக்குக் கொடுத்ததில்லை. வகுப்பு எப்படி நடக்கும் என்பது அதிலேயே இருக்கிறது.

முதலில் தகுதி. டெக்சாஸ் அரசுப் பள்ளியில் ஸ்பானிஷ் டீச்சராக முறையான சான்றிதழ் வாங்க இளங்கலைப் பட்டம், ஆசிரியர் பயிற்சி இரண்டும் வேண்டும். அதற்கு மேல் மாநிலத்தின் ஸ்பானிஷ் தேர்வும் எழுத வேண்டும். அது வெறும் சரியான விடையைக் குறிக்கும் தேர்வு இல்லை. கேட்டு, படித்து, எழுதி, வாய்விட்டுப் பேசியும் தேற வேண்டும். தாய்மொழிக்காரருக்கும் இதே தேர்வுதான். வளர்ந்த பிறகு மொழியைக் கற்றவருக்கு இன்னொரு பலம் உண்டு. 'ஸேர்', 'எஸ்தார்' என்று 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள் ஏன், எங்கே எது வரும் என்று அவரே ஒரு காலத்தில் திணறியிருப்பார். அதனால் பிள்ளை எங்கே தடுக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

அடுத்து ஊர்கள். சலமான்கா பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. அங்கே படித்தவர் வாயில் 'ஸ' இரண்டு விதமாக வரலாம். 'கஸா' என்றால் வீடு. அதையே நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொன்னால் வேட்டை. மெக்சிகோவில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். பராகுவேயில் நெருங்கியவரை 'தூ' (நீ) என்பதற்குப் பதிலாக 'வோஸ்' என்று அழைப்பார்கள், குவாரானி மொழியும் கூடவே புழங்கும். பீஸ் கோர் என்றால் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம், தொடக்கத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல். அப்படி மொழியில் ஊறி வந்தவர் வகுப்பில் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான் பேசுவார். வகுப்பு நேரத்தில் 90 சதவீதமாவது அந்த மொழியிலேயே நடக்க வேண்டும் என்பது அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பின் பரிந்துரையும்கூட.

புதிதாக வந்த பெற்றோர் பதறுவது இங்கேதான். முதல் மூன்று வாரம் பிள்ளை "ஒண்ணுமே புரியலை" என்று வரும், நோட்டில் இலக்கண அட்டவணை இருக்காது. உடனே தனி டியூஷன் தேட வேண்டாம். படம், சைகை, கதை, திரும்பத் திரும்ப அதே வாக்கியம் என்று காதை முதலில் பழக்குகிறார்கள். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள்: வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தால் மாட்டிக்கொள்வாள். முதல் வருடப் பிள்ளை நான்காம் வருட வினைவடிவத்தை எழுதினால் டீச்சருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். பல பள்ளிகளில் அதைக் காப்பியடித்ததைப் போன்ற நேர்மை மீறலாகவே பதிவு செய்கிறார்கள்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த மொழியில் கைகொடுப்பது நிறைய. "எனக்குக் காபி பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷிலும் அப்படியேதான் சொல்வார்கள்: 'மே குஸ்தா எல் கஃபே'. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை 'யோ குஸ்தோ' என்று தடுமாறும் இடத்தில் நம் பிள்ளை நேராக நடந்துவிடும். சறுக்கல் அடுத்த படியில் வரும். நமக்குப் புத்தகம் ஒன்றானாலும் பத்தானாலும் 'பிடிக்கும்'தான். அங்கே பன்மைக்கு 'குஸ்தான்' என்று மாற்ற வேண்டும். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', தனியாக 'நான்' தேவையில்லை. அதுவும் நம் வழக்கம்தான். நீ, நீங்கள் வேறுபாடு 'தூ', 'உஸ்தெத்' என்று அப்படியே இருக்கிறது. 'நாதா' என்று சொல்லும்போது நடு எழுத்து 'அது' என்பதில் வரும் மெல்லிய 'த' போலவே ஒலிக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், 'பெரோ' (ஆனால்) என்பதற்கும் நாய் என்று பொருள்படும் சொல்லுக்கும் வித்தியாசம் ரகரம் ஒன்றுதான். நாய்க்கு நாக்கு நுனி பல முறை அதிர வேண்டும். நாகர்கோவில் பக்கம் றகரத்தை அழுத்துவதைச் சொல்லிக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். வயதைச் சொல்லும் 'ஆஞோஸ்' என்ற சொல்லில் 'ஞ'வை விட்டு 'ன' போட்டால் ஆசனவாய் என்றாகிவிடும், எழுதும்போது மேலே அந்த அலைக்கோடு விடுபடக் கூடாது. பொருட்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு, மேசை பெண்பால். அதனால் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாமல் 'லா மெஸா' என்று சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த 'மேசை'யின் உறவுச் சொல்தான் அது. உடனே மனதில் நிற்கும்.

கணக்கு விவரம்: டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்க ஒரே மொழியில் இரண்டு கிரெடிட் (பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் புள்ளி) வேண்டும். நல்ல பல்கலைக்கழகம் நோக்கம் என்றால் மூன்று, நான்கு வருடம் தொடர்வது நல்லது. சில பள்ளி மாவட்டங்களில் தமிழுக்கே தேர்வெழுதி கிரெடிட் வாங்க வழி இருக்கிறது. பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேளுங்கள். கிடைத்தாலும் ஸ்பானிஷை விட்டுவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் மருத்துவமனை, கடை, கட்டட வேலை என்று எங்கே போனாலும் காதில் விழும் மொழி அது.

டீச்சருக்கு மின்னஞ்சல் எழுதும்போது தலைப்பில் மகளின் பெயரும் எத்தனையாவது பீரியட் என்பதும் இருக்கட்டும். ஐந்து வரி போதும். 'ஏன் மார்க் குறைந்தது' என்று தொடங்காமல், பேசுவதிலா எழுதுவதிலா எதில் பின்தங்குகிறாள், டியூட்டோரியல் (டீச்சரே நடத்தும் கூடுதல் உதவி நேரம்) எந்த நாள் என்று கேளுங்கள். பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் அந்த டியூட்டோரியலுக்குக் காசு கிடையாது, நம்மவர்கள்தான் போவதில்லை. பிள்ளைகள் அவரை 'சென்யோரா' (அம்மையார்) என்றோ 'ப்ரோஃபே' (ஆசிரியரைச் சுருக்கி அழைப்பது) என்றோ அழைப்பார்கள். மரியாதைக் குறைவு இல்லை, வழக்கமே அதுதான்.

பொழுதுபோக்கு வரிகள் இருப்பது பேச்சைத் தொடங்கத்தான். நெடுநடை என்று எழுதியிருப்பதால், வடக்கு ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்குப் போகும் யாத்திரையைப் பற்றி மகள் கேட்கலாம். கடைசி 100 கிலோமீட்டரை நடந்து முடித்தவருக்குச் சான்றிதழ் தருவார்கள். நம் பழனிப் பாதயாத்திரையை அவள் நான்கு எளிய ஸ்பானிஷ் வாக்கியத்தில் சொன்னால் டீச்சர் நிச்சயம் உட்கார்ந்து கேட்பார். நவம்பர் முதல் இரண்டு நாள் மெக்சிகோவில் இறந்தோரை நினைக்கும் நாட்கள். பல ஸ்பானிஷ் வகுப்புகளில் படம், மெழுகுவத்தி, ரொட்டி வைத்துப் படையல் மேசை போடுவார்கள். அதில் கொட்டிக் கிடக்கும் ஆரஞ்சுப் பூ நம் துலுக்கச் சாமந்திதான், மெக்சிகோவிலிருந்து நம் ஊருக்கு வந்தது. வாசலில் நட்டிருந்தால் ஒரு கைப்பிடி பறித்து அன்றைக்குக் கொடுத்தனுப்புங்கள்.